மீனுக்குச் சொந்தம், கல்யாணத்துக்கு அந்நியம்

உங்கள் உடம்பில் பிறவி மச்சம் ஏதாவது இருக்கிறதா? இருந்தால், அதற்காக உங்கள் அம்மாவை யார் யார் குற்றம் சொன்னார்கள் என்று எப்போதாவது விசாரித்திருக்கிறீர்களா?

சில ஊர்களில் கிரகணத்தின் மேல் பழியைப் போடுவார்கள். எங்கள் ஊரில் அந்தச் சிரமம்கூட இல்லை. எங்கள் மொழியில் மசக்கை ஆசைக்கும் மச்சத்துக்கும் ஒரே சொல்தான்: ஷஹ்வா. பிள்ளைத்தாய்ச்சி மாதுளைக்கு ஏங்கி, அது கிடைக்காமல், ஏங்கிய நேரத்தில் கன்னத்தைத் தொட்டுவிட்டால் பிள்ளையின் கன்னத்தில் மாதுளை நிறத்தில் ஒரு ஷஹ்வா விழும். குற்றம், சாட்சி, தீர்ப்பு எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள்ளேயே முடிந்துவிடும். வழக்குப் போடவே வேண்டாம்.

அப்படியானால் தலை முதல் கால் வரை செதிலோடு ஒரு பெண் குழந்தை பிறந்தால்? அவள் அம்மா மீனுக்கு ஏங்கியிருக்க வேண்டும். ஃபத்தூமா என்ற பெண்ணை எங்கள் தீவு இப்படித்தான் தண்டித்தது. நாற்புறமும் கடல், மூன்று வேளையும் மீன். அதில் ஒருத்தி மட்டும் எப்படி மீனுக்கு ஏங்கிக் கிடந்திருப்பாள் என்று ஒரு ஆளும் கேட்கவில்லை. தலெந்தா கேட்டாள். நான் எழுத வந்தது அவளைப் பற்றித்தான்.

தலெந்தாவும் நானும் தீவின் மேற்குக் கிராமத்தில் ஒரே வகுப்பில் படித்தோம். நான் ஊரிலேயே மருந்துக்கடை வைத்தேன். அவள் கப்பலேறி ஸ்ஃபாக்ஸ் நகரத்துக்குப் போய், மருத்துவம் படித்து, அங்கே ஒரு மரபணு ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தாள். அபூர்வமான பரம்பரைத் தோல்நோய்கள் அவள் துறை. பரிசு, விருது, தொலைக்காட்சிப் பேட்டி எதுவும் அவள் வாழ்க்கையில் கிடையாது. நெற்றிக்கு மேல் ஏற்றிவைத்த கண்ணாடியை வீடெல்லாம் தேடுவாள். காரின் பின்சீட் முழுக்கக் களிம்பு டப்பா. யாரைப் பார்த்தாலும் கைகொடுப்பாள். கொடுத்த கையைத் திருப்பி நகத்தையும் உள்ளங்கையையும் பார்த்துவிட்டுத்தான் விடுவாள். கப்பலில் அவள் வருவது தெரிந்தால் கைகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளும் ஆட்கள் உண்டு.

"இன்னும் கல்யாணம் பண்ணிக்கலையா?" என்று யாராவது கேட்டால், "தோலுக்கு வாக்கப்பட்டுட்டேன். மாமியார் கொடுமை இல்ல, உரிச்சா உரிஞ்சுக்கும்" என்பாள்.

இந்த ஆராய்ச்சி எத்தனை வறட்சியான வேலை என்று வெளியே தெரியாது. ஆயிரம் பேருக்கு வரும் நோய்க்கு மருந்துக் கம்பெனிகள் வரிசையில் நிற்கும். ஒரு தீவில் நாலைந்து வீட்டுக்கு மட்டும் வரும் நோய்க்கு யார் வருவார்கள்? கடல் தாண்டி ஒரு பெரிய ஆய்வுக்கூடம் ஒருமுறை ஆர்வமாகக் கேட்டது. இவள் ரத்தம் நிரப்பிய கண்ணாடிக் குழாய்களைப் பொத்திப் பொத்தி அனுப்பினாள். போனது போனதுதான், கிடைத்தது என்று ஒரு வரி பதில் இல்லை. அதன் பிறகு எதையும் வெளியே அனுப்பமாட்டாள். தீவில் எடுத்த ரத்தம் தன் ஆய்வுக்கூடம் போய்ச் சேரும்வரை கெடாமல் இருக்க, எங்கள் துறைமுகத்து ஐஸ் ஆலையிலிருந்து பெட்டி பெட்டியாக ஐஸ் வாங்கிக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போவாள்.

அந்த ஐஸ் ஆலையில்தான் ஷிராஸ் வேலை பார்க்கிறாள். ஃபத்தூமாவின் மகள். செதிலோடு பிறந்தவள்.

அவளுக்கு இருப்பது மீன்செதில் நோய். தொற்றாது, நோய் என்பதைவிடத் தோலின் அமைப்பு என்று சொல்லலாம். தோலின் மேலடுக்கை ஒட்டவைக்கும் சாந்து அவள் உடம்பில் உருவாவதில்லை. சாந்து இல்லாத சுவரை ஈடுகட்ட, உடம்பு தடித்த பழுப்புச் செதில்களை அடுக்கிக்கொண்டே போகிறது. வியர்வை வெளியே வர வழியில்லை. அதனால் வெயில் அவளுக்கு எதிரி. கோடையில் மயங்கி விழுவாள். பள்ளிக்கூடத்தில் அவளை 'மீனம்மா' என்றார்கள். "உப்பு போட்டுக் காயவெச்சா குளிர்காலத்துக்கு ஆகும்" என்று ஒரு வாத்தியாரே சிரித்திருக்கிறார். அந்த ஆள் இன்னும் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருக்கிறார்.

ஷிராஸ் புத்திசாலி. தீவில் தனக்கு ஏற்ற இடம் எது என்று யோசித்து, ஐஸ் ஆலையில் வேலை கேட்டு வாங்கினாள். ஆகஸ்ட் மாதம் ஊரே வெந்துகொண்டிருக்கும்போது குளிர் அறைக்குள்ளிருந்து பாட்டுப் பாடிக்கொண்டு கணக்குப் பார்ப்பாள். தலெந்தா பெட்டியோடு வந்து நின்றால், "வாங்க டாக்டர், என்கிட்டருந்து ரத்தம் ஒரு பக்கம், ஐஸ் ஒரு பக்கமா? கடைசியில என்னத்தத்தான் எனக்கு விட்டுவைப்பீங்க?" என்பாள்.

"வாய விட்டுவைக்கிறேன். அதுக்கு மட்டும் மருந்தே கிடையாது" என்பாள் இவள்.

ஷிராஸின் தொடைத் தோலில் ஒரு துணுக்கை எடுத்து, அதன் செல்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்துக்கொண்டிருந்தாள் தலெந்தா. இல்லாத அந்தச் சாந்தைக் களிம்பு வழியாக வெளியிலிருந்து கொடுக்க முடியுமா என்று பார்க்கும் வேலை அது. சில வாரம் ஒட்டும், பிறகு உரியும். "என் தோலு அங்கயாவது சொன்னபடி கேக்குதா?" என்பது ஷிராஸ் வழக்கமாகக் கேட்கும் கேள்வி.

செதிலைக் குறைக்கிற மாத்திரை ஒன்று உண்டு. என் கடையிலேயே வரவழைத்துத் தரலாம். ஆனால் அதைச் சாப்பிடும் காலத்திலும், நிறுத்தி மூன்று வருஷம் வரைக்கும் கருத்தரிக்கக் கூடாது. பிள்ளைக்கு ஊனம் வரும். தலெந்தா இதை எடுத்துச் சொன்ன அன்றே ஷிராஸ் மாத்திரை வேண்டாம் என்றுவிட்டாள். "எனக்குப் புள்ள வேணும் டாக்டர்" என்றாள். அப்போது அவளுக்கு ஒரு மாப்பிள்ளை பேச்சுகூடக் கிடையாது. தினமும் இரண்டு மணி நேரம் தொட்டியில் ஊறி, தேய்த்து, களிம்பு பூசி வாழ்ந்தாளே ஒழிய அந்த மாத்திரையைத் தொடவில்லை.

பிறகு நிதால் வந்தான். தீவின் கிழக்குக் கிராமத்து மீனவன். தோள் அகலம், பேச்சு குறைவு. ஐஸ் வாங்க வருவான். பிடித்த மீனைவிட அதிகமாக ஐஸ் வாங்குகிறானே என்று முதலில் கவனித்தது ஆலைக் கணக்கப்பிள்ளை. ஒருநாள் மீனே இல்லாமல் ஐஸ் வாங்கினான். அதற்குப் பிறகு ஊருக்கே தெரிந்துவிட்டது.

கல்யாணப் பேச்சு எழுந்த வாரம் ஷிராஸ் கப்பலேறி தலெந்தாவின் ஆய்வுக்கூடத்துக்கே போய்விட்டாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். எனக்குப் பொறக்கற புள்ள என்னை மாதிரி இருக்குமா, இருக்காதா? கல்யாணத்துக்கு முன்னாடி தெரியணும். நான் தெரிஞ்சுக்கிட்டுக் கட்டிக்கணும், அவனும் தெரிஞ்சுக்கிட்டுக் கட்டிக்கணும்."

ஷிராஸ் தொட்டிலில் கிடந்த காலத்திலிருந்து அவள் ரத்தத்தை ஆராய்ந்தும், தலெந்தாவுக்குக் கோளாறு எந்த இடத்தில் என்று பிடிபடவில்லை. அது தெரியாமல் நிதாலிடம் எதைத் தேடுவது?

அது ஏன் பிடிபடவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். மரபணு ஒவ்வொன்றும் நம்மிடம் இரண்டு பிரதியாக இருக்கிறது, அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று. மீனவர்களிடம் தலெந்தா இதை நங்கூரமாக்கிச் சொல்வாள்: படகுக்கு ரெண்டு நங்கூரம், ஒண்ணு அறுந்தாலும் இன்னொண்ணு நிறுத்திடும், வெளிய தெரியாது, ரெண்டும் அறுந்தாத்தான் படகு போகும். ஷிராஸுக்கு இரண்டுமே அறுந்தவை. பெற்றோர் இரத்த உறவு என்றால், ஒரே முன்னோரிடமிருந்து ஒரே அறுந்த பிரதி இரண்டு பக்கமும் வந்திருக்கும். இரண்டு பிரதியும் அச்சு அசலாக ஒன்றாக இருக்கும் இடத்தைத் தேடினால் போதும். உறவு இல்லை என்றால் இரண்டு பக்கமும் வெவ்வேறு கோளாறு. வைக்கோல் போரில் இரண்டு ஊசி.

இளம் மருத்துவராக முதன்முதலில் அந்த வீட்டுக்குப் போன தலெந்தா, ஷிராஸின் அப்பாவான அம்மார் என்பவரிடமும் அம்மா ஃபத்தூமாவிடமும் "நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?" என்று கேட்டிருக்கிறாள். இருவரும் ஒரே குரலில், "இல்ல இல்ல, பர்ரானி" என்றார்கள். அவர் மேற்கு, அவள் கிழக்கு. பர்ரானி என்றால் வெளியாள், அந்நியம். தலெந்தா நம்பினாள். அன்றிலிருந்து இரண்டு ஊசியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

ஷிராஸ் வந்து கேட்டுவிட்டுப் போன பிறகு தலெந்தாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நிதால் வீட்டுக்காவது போய்ப் பேசலாம் என்று என்னையும் இழுத்துக்கொண்டு கிழக்கே புறப்பட்டாள். நிதாலின் அம்மா ஹனியா, கணவனை இழந்தவள், கல்யாண வயதில் இன்னும் இரண்டு பெண்கள். ஆரஞ்சுப்பூ நீர் விட்ட காப்பி வந்தது. காப்பிக்கு முன்னாலேயே பேச்சு வந்துவிட்டது.

"டாக்டரம்மா, அந்தப் பொண்ணு மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. நல்ல பொண்ணு. ஆனா அவ ஆத்தா புள்ளத்தாய்ச்சியா இருக்கும்போது மடவை மீனை வெறிச்சுப் பாத்தான்னா, அதுக்கு என் பேரப்புள்ளைங்க செதிலோட பொறக்கணுமா?"

"நிதால் வயித்துல இருக்கும்போது உங்களுக்கு எதுல ஆசை பெரியம்மா?"

"பேய்க்கணவாய்தான். வேற எதுவும் எறங்கல."

"அப்ப அவனுக்கு எட்டுக் கை இல்ல இருக்கணும்?"

மகள்கள் இருவரும் அடுக்களையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஹனியாவுக்கும் சிரிப்பு வந்தது; அடக்கிக்கொண்டாள்.

"நீ படிச்சவ, பேசுவ. நான் சொல்றது இதுதான். அது அவங்க வீட்டு வினை. எங்களுக்கும் அந்த அம்மார் வீட்டுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. பர்ரானி."

தலெந்தா தலையை ஆட்டினாள். நானும்தான் ஆட்டினேன். மேற்கு மேற்குதான், கிழக்கு கிழக்குதான். இதில் என்ன இருக்கிறது?

ஹனியாவுக்குப் பேச்சு சூடு பிடித்துவிட்டது. "அதுலயும் அந்த அம்மார் இருக்கானே, சுத்த வெக்கங்கெட்டவன். கணவாய் சீசன் வந்தா போதும், ருகையா வேலியில பங்கு கேட்டு வாசல்ல வந்து நிப்பான். கருவாட்டுக்குப் பூனை வந்த மாதிரி."

எங்கள் தீவில் நிலத்தைப் போலவே ஆழமில்லாத கடலுக்கும் பட்டா உண்டு. பேரீச்ச மட்டைகளை வரிசையாக நட்டு, மீனை வளைத்துக் கூண்டுக்குள் தள்ளும் கடல்வேலிகள் ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்துச் சொத்து. அப்பன் செத்தால் பிள்ளைகளுக்கு, விற்க மாட்டார்கள். விற்றவனை ஊர் மதிக்காது.

தலெந்தா காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள். "உங்க வேலியில அவருக்கு எப்படிப் பெரியம்மா பங்கு?"

"எல்லாம் பழைய கதை. ருகையான்னு எங்க வீட்டுப் பொண்ணு. அந்தக் காலத்துல மேற்கே கட்டிக் குடுத்தாங்க. அவ பேருலதான் வேலி. அவ வாரிசுன்னு சொல்லிச் சொல்லியே அவனுங்க தின்னுக்கிட்டிருக்கானுங்க."

"ஃபத்தூமாவோட பொறந்த வீடு?"

"அவங்க இங்க கிழக்குத்தான, பக்கத்துத் தெரு. அவங்களுக்கும் அதே வேலியில ஒரு பங்கு உண்டு. அவங்களாச்சும் மரியாதையாக் கேப்பாங்க."

தலெந்தா விரல்விட்டு எதையோ எண்ணினாள்.

"பெரியம்மா," என்றாள் தலெந்தா, மிக மெதுவாக, "ஒரே வேலி. மூணு வீட்டுக்கும் பங்கு. உங்க வீட்டுக்கு, அம்மார் வீட்டுக்கு, ஃபத்தூமா வீட்டுக்கு. வாரிசா இல்லாம பங்கு வருமா?"

"வராது."

"ஒரே ரத்தம் இல்லாம வாரிசு ஆக முடியுமா?"

"அது..." ஹனியா மகள்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அது மீன் விஷயம்மா. கல்யாண விஷயம் வேற."

"மீனுக்குச் சொந்தம், கல்யாணத்துக்கு அந்நியமா?"

கேட்டவள் கண்ணாடியைத் தேடி எழுந்து, அது தலைமேலேயே இருப்பதைக் கண்டுபிடித்து, எனக்காகக்கூடக் காத்திராமல் காரை நோக்கி ஓடினாள். வழியெல்லாம் தன்னைத்தானே திட்டிக்கொண்டு வந்தாள்.

"ஸ்ஃபாக்ஸ்காரி எவளாவது அந்தக் கேள்வியைக் கேட்டுட்டு பர்ரானின்னு பதில் வாங்கியிருந்தா, சிரிச்சிருப்பா. இந்தக் கடலுக்கு நடுவுல நீங்க எல்லாரும் ஒரே குடும்பம்தானடின்னு எழுதியிருப்பா. நான் மேற்கத்திக்காரி. எனக்கும் கிழக்குன்னா வெளிநாடு. என் தீவுக்காரத் திமிருதான் என் கண்ணை மறைச்சிருக்கு!"

"நானும் தலையாட்டினேனே" என்றேன்.

"நீ மருந்துதான விக்கற. உன் தலையாட்டலால யாருக்கும் நஷ்டமில்ல."

அவ்வளவு கோபத்திலும் அவள் முகத்தில் நான் பார்த்தது சந்தோஷம்தான். தன் தப்பு எங்கே என்று தெரிந்துவிட்ட ஆராய்ச்சியாளரின் சந்தோஷம். மந்திரித்த கயிறு விற்கிறவனுக்கு அந்தச் சந்தோஷம் எந்தக் காலத்திலும் கிடைக்காது. அவன்தான் தப்பே செய்வதில்லையே.

பழைய ரத்தத்தையே எடுத்து, இந்த முறை இரண்டு பிரதியும் ஒன்றாக இருக்கும் இடங்களை மட்டும் தேடினாள். கோளாறு அங்கே இருந்தது. சாந்தைத் தயாரிக்கும் மரபணுவில், இத்தனை வருஷம் அவள் கண்படாத ஒரு மூலையில், ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தது. ஷிராஸிடம் இரண்டு பிரதியிலும். அம்மாரிடம் ஒன்றில், ஃபத்தூமாவிடம் ஒன்றில். ருகையாவோ, அவளைப் பெற்றவர்களோ, யாரோ ஒருவர் கடலோடு சேர்த்துப் பங்கு வைத்துவிட்டுப் போன எழுத்து.

ஃபத்தூமாவிடம் இதைச் சொல்ல நாங்கள் போனபோது அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நீ மீனைப் பார்த்ததால் எதுவும் இல்லை, அவர் வழியில் பாதி, உன் வழியில் பாதி, இதில் யார் செய்த குற்றமும் இல்லை என்று தலெந்தா விளக்கினாள். ஃபத்தூமா கையைக்கூடக் கழுவவில்லை. திரும்பிக் கணவனைப் பார்த்து, "கேட்டியா?" என்றாள். ஒரே வார்த்தை. ஒரு பெண்ணின் பாதி வாழ்க்கையைத் தின்ற பழிக்கு அவ்வளவுதான் நஷ்டஈடு. அம்மார் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இப்போது நிதாலின் ரத்தம் வேண்டும். அவனிடம் அந்த எழுத்து இல்லையென்றால் பிறக்கும் எந்தப் பிள்ளைக்கும் செதில் வராது. ஒரு பிரதியில் இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

ஹனியா வாசலிலேயே மறித்தாள். "ஊசி குத்தினா ஊரு என்ன சொல்லும்? அந்த வீட்டுலயும் ஏதோ சந்தேகம் இருக்குன்னு சொல்லும். எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு டாக்டரம்மா. உனக்குப் புண்ணியமாப் போவும், போயிடு."

எனக்கு ரத்தம் கொதித்தது. பிறந்ததிலிருந்து ஷிராஸின் கையில் எத்தனை ஊசி இறங்கியிருக்கும்! ஃபத்தூமா எத்தனை முறை கை நீட்டியிருப்பாள்! பெண்ணின் ரத்தம் என்றால் எப்போதும் குற்றவாளி, கூப்பிட்ட போதெல்லாம் ஆஜராக வேண்டும். ஆணின் ரத்தம் என்றால் குடும்ப மானம், அதைத் தொடக் கூடாது. இந்த நியாயத்தை எந்தக் கடலில் கொண்டுபோய்க் கொட்டுவது?

ஷிராஸ் கொதிக்கவில்லை. ஐஸ் ஆலையில், படகுக்காரர்கள் எல்லாம் வரிசையில் நிற்கும் மதிய நேரத்தில், தலெந்தா ஐஸ் பெட்டியோடு வந்திருந்தபோது, குளிர் அறையின் கதவைத் திறந்து நின்றுகொண்டு கேட்டாள்.

"நிதால், உங்க அம்மா சொன்னது இருக்கட்டும். நீ என்ன சொல்ற?"

"என்ன கேக்கற?"

"ரத்தம் குடுக்காம கல்யாணம் இல்லங்கறேன். குடுத்து, அது உன்கிட்ட இருந்து, நீ என்னை வேணாம்னு சொல்றதா இருந்தா அதையும் சொல்லிடு. அழுதுட்டு வேலையப் பாப்பேன். தெரியாமக் கட்டிக்க மாட்டேன்."

வரிசையில் ஒருவன், "டேய், பொண்ணுதான் உன்னைப் பொண்ணு பாக்குது போல!" என்றான். இன்னொருவன், "சுறாவுக்குப் பயப்படாதவன் ஊசிக்குப் பயப்படறான்டா" என்றான்.

நிதால் வலது கைச் சட்டையைத் தோள் வரை சுருட்டினான். ஐஸ் உடைக்கும் மேடைமேல் கையை நீட்டினான். தலெந்தா ஊசியை எடுத்தாள். ரத்தம் குழாயில் ஏற ஏற அவன் முகம் வெளுத்தது. குழாய் நிறைவதற்குள் அந்த மலை போன்ற ஆள் அப்படியே ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே சரிந்து உட்கார்ந்தான். துறைமுகமே சிரித்தது. ஷிராஸ் ஓடி வந்து, தன் கழுத்தில் எப்போதும் சுற்றியிருக்கும் ஈரத் துணியை அவிழ்த்து அவன் நெற்றியில் வைத்தாள். வெயில் அவள்மேல் விழுந்துகொண்டிருந்தது. யாரோ ஒரு கிழவர் சிரிப்பதை நிறுத்திவிட்டுத் தன் தொப்பியைக் கழற்றி அவள் தலைக்குமேல் பிடித்தார்.

முடிவை என் கடையின் பின்னறையில் வைத்துச் சொன்னாள் தலெந்தா. ஷிராஸும் நிதாலும் அழைத்ததால் வந்தார்கள். ஹனியா அழைக்காமல் வந்தாள். "நான் சும்மா தலைவலி மாத்திரை வாங்க வந்தேன்" என்று சொல்லிக்கொண்டே முதல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

தலெந்தா சுற்றி வளைக்கவில்லை. "இருக்கு நிதால். உன்கிட்ட ஒரு நங்கூரம் அறுந்திருக்கு. உனக்கு ஒரு கெடுதலும் இல்ல. ஆனா பொறக்கற ஒவ்வொரு புள்ளைக்கும் பாதிக்குப் பாதி. கருவுல ஆரம்பத்துலயே பாத்துடலாம், அதுக்கு வழி இருக்கு. பாக்கறதா வேணாமா, பாத்துட்டு என்ன செய்யறதுன்னு முடிவு பண்ண வேண்டியது நீங்க ரெண்டு பேரு. வேற யாரும் இல்ல." கடைசி வாக்கியத்தை ஹனியாவைப் பார்த்துச் சொன்னாள்.

ஹனியா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். "எங்கிருந்து வந்துச்சு? என்கிட்டருந்தா, செத்துப் போனவருகிட்டருந்தா?"

"உங்க ரத்தத்தப் பாத்தா தெரிஞ்சுடும்."

"வேணாம் வேணாம். அவரு மேலயே இருக்கட்டும். மண்ணுக்குள்ள சும்மாதான படுத்திருக்காரு."

நான் சிரித்துவிட்டேன். ஷிராஸ் சிரிக்கவில்லை. அவள் நிதாலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செதில் இழுத்துப் பிடிப்பதால் அவள் கண் இமைகள் முழுதாக மூடாது. அந்தப் பார்வையிலிருந்து தப்பிக்க முடியாது.

நிதால் தலெந்தாவிடம் கேட்டான்: "அப்படி ஒண்ணு பொறந்தா எனக்கு என்ன வேலை?"

"குளிப்பாட்டற வேலை. தினம் ரெண்டு மணி நேரம். தேய்க்கணும், களிம்பு பூசணும், காதுல அடைச்சிருக்கற செதில எடுக்கணும். லீவு கிடையாது."

"சொல்லிக் குடுப்பீங்களா?"

"நான் எதுக்கு? நிபுணர் பக்கத்துல உக்காந்திருக்கா."

ஷிராஸ் அப்போதுதான் வாய் திறந்தாள். "எங்கம்மாவுக்கு யாரும் சொல்லித் தரல. பயந்து பயந்து தொட்டா. எனக்கு எல்லாம் தெரியும். எந்தத் தண்ணிக்குத் தோலு எரியும், எந்தத் துணிக்கு அறுக்கும், எல்லாம் தெரியும். கருவுல பாக்கறதப் பத்தி அப்ப யோசிப்பேன். அது என் வயிறு. ஆனா என்னை மாதிரி ஒண்ணு வந்தா, அதுக்கு என்னைவிட நல்ல அம்மா இந்தத் தீவுல எவளும் கிடையாது."

தலெந்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். நிதால் எழுந்து போய் ஷிராஸின் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் உள்ளங்கையும் ஒன்றும் மிருதுவானதில்லை. வலைக்கயிறு இழுத்து இழுத்துக் காய்த்துப் போனது.

கல்யாணம் முடிவாகிவிட்டது. எங்கள் தீவில் கல்யாணம் என்றால் ஆகஸ்ட்தான். வெளிநாட்டில் இருக்கும் சொந்தங்கள் எல்லாம் வருவது அப்போதுதான். இவர்கள் நவம்பரில் வைத்திருக்கிறார்கள். "யாரு வருவாங்க நவம்பர்ல?" என்று அம்மார் புலம்பினார். "வெயில் வராது. அது போதும்" என்றாள் மகள்.

கடந்த வாரம் ஹனியா மறுபடி என் கடைக்கு வந்தாள். தலெந்தா உள்ளே களிம்பு டப்பாக்களை எண்ணிக்கொண்டிருந்தாள். ஹனியாவுக்குப் பின்னால் அவளுடைய இரண்டு மகள்கள்.

"இவளுக ரெண்டு பேரையும் பாத்துடு டாக்டரம்மா."

"பாத்துடலாம். ஆனா பெரியம்மா, இவங்க ஒரு பக்கம்தான். நாளைக்கு இவங்களைக் கேட்டு வர்ற பசங்க?"

ஹனியா கொஞ்சம் யோசித்தாள். பிறகு தானே சட்டைக் கையை மேலே இழுத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். "அவனுங்களும் நீட்டட்டும். நீட்டாதவனுக்கு என் வீட்டுப் படி கிடையாது. மொதல்ல எனக்குக் குத்து. ஆனா அது என்கிட்டருந்து வந்ததுன்னு தெரிஞ்சா, செத்தவரு காதுல விழற மாதிரி சத்தமாச் சொல்லிடாத."

தலெந்தா தேடிக்கொண்டிருப்பது இன்னும் முடியவில்லை. களிம்பு இன்னும் தட்டில்தான் இருக்கிறது. மருந்து வருவதற்கு முன்னால் அவளுக்கு வேண்டியது ரத்தம்: எங்கள் தீவில் மட்டுமல்ல, சொந்தத்துக்குள் பெண் எடுத்துப் பெண் கொடுக்கும் எல்லா ஊர்களிலும். அது பெண்களிடம் தாராளமாகக் கிடைக்கிறது. ஆண்களிடம்தான் கிடைப்பதில்லை.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் குடும்பத்தில் தோலோ, கண்ணோ, எலும்போ வேறு மாதிரி அமைந்து ஒரு பிள்ளை பிறந்திருந்தால், அதன் அம்மாவை விசாரிப்பதை இன்றோடு நிறுத்துங்கள். அந்தக் குடும்பத்தில் கல்யாணத்துக்கு ஒரு பையன் நின்றால், அரசு மருத்துவமனையின் மரபணுப் பிரிவுக்கு அவனைக் கூட்டிப் போங்கள். பெண்ணின் கையைக் கேட்பதற்கு முன்னால், அவனைத் தன் கையை நீட்டச் சொல்லுங்கள். மயங்கி விழுந்தால் பரவாயில்லை, பிடித்துக்கொள்ளுங்கள்.